நட்சத்திரம் ஏன் கோடாக விழுகிறது? வீட்டில் செய்த டிராக்கரில் பழுது தேடும் முறை

இரண்டு பிளைவுட் பலகை, அவற்றை இணைக்கும் ஒரு கீல், ஒரு எம்6 த்ரெட் ராடு, ராடைச் சுற்ற ஐந்து வோல்ட் ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்ன ஸ்டெப்பாகச் சுற்றும் வகை). கீழ்ப் பலகை டிரைபாடில் நிற்கும். மேல் பலகை கதவு திறப்பதுபோல மெல்லத் திறக்க, அதன்மேல் இருக்கும் கேமரா வானத்தோடு சேர்ந்து திரும்பும். அதனால் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்துவைத்தாலும் நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும். 1975-ல் ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் ஹெய்க் வெளியிட்ட வடிவம் இது. பார்ன் டோர் டிராக்கர் என்ற பெயரில் இன்றும் ஊர் ஊராகச் செய்கிறார்கள். செய்வது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒழுங்காக ஓடவைக்கத்தான் பல ராத்திரிகள் பிடிக்கும்.

நான் இதுவரை மூன்று செய்திருக்கிறேன். நண்பர்கள் செய்ததைச் சரிபார்த்தது அதைவிட அதிகம். படம் கெட்டுப்போனதும் எல்லோருக்கும் கை முதலில் ஸ்பேனருக்குத்தான் போகிறது. கீலை இறுக்கி, புரோகிராமை மாற்றி, சாய்வையும் திருத்தி, எல்லாம் ஒரே ராத்திரியில் நடக்கும். அடுத்த படம் நன்றாக வந்தாலும் எது பலித்தது என்று தெரியாது. மோசமாக வந்தாலும் எது கெடுத்தது என்று தெரியாது. தயவுசெய்து கெட்ட படத்தை அழிக்காதீர்கள். நட்சத்திரம் அதில் எந்த வடிவத்தில் விழுந்திருக்கிறதோ, அதுவே பழுது இருக்கும் இடத்தைச் சொல்லிவிடும்.

முதலில் இரண்டு படம்

50 மி.மீ. லென்ஸைப் போட்டு, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைப் பாருங்கள். வான நடுக்கோடு அவற்றை ஒட்டித்தான் போகிறது, அதனால் ஓட்டம் முழுவதும் தெரியும். ஓரியன் இல்லாத மாதங்களில் திருவோணம் போதும்.

முதல் படம் மோட்டாரை நிறுத்திவிட்டு, 30 நொடி. வானம் நொடிக்கு 15 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) நகர்கிறது. 30 நொடியில் 450. கேமராவின் பிக்ஸல் அளவு மைக்ரானில் எவ்வளவோ அதை 206-ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்ஸல் எத்தனை ஆர்க் செகண்ட் என்று கிடைக்கும். 4.3 மைக்ரான் கேமராவில் 50 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறக்குறைய 18. அதாவது நட்சத்திரம் 25 பிக்ஸல் நீளக் கோடாக விழும். இந்தக் கோடுதான் உங்கள் கிழக்கு மேற்கு அளவுகோல்.

இரண்டாவது படம் கேமராவைத் தொடாமல், மோட்டாரை ஓடவிட்டு, மூன்று நிமிடம். இரண்டையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இனி அறிகுறிகள்.

கோடு கிழக்கு மேற்காகவே இருக்கிறது

திசை முதல் படத்தோடு ஒத்துப்போனால் வேகத்தில்தான் கோளாறு. நீளத்தை வைத்து மேலும் பிரிக்கலாம். மோட்டார் இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு 150 பிக்ஸல் வரவேண்டும். அதே 150 வந்தால் மோட்டார் சுற்றுகிறது, பலகை நகரவில்லை என்று அர்த்தம்: மோட்டாரையும் ராடையும் இணைக்கும் கப்ளரின் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், இல்லையென்றால் நட்டும் ராடோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். 300 வந்தால் டிராக்கர் வானத்துக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. வடக்கு நோக்கி நின்றால் கீல் உங்கள் இடது கைப்பக்கம், அதாவது மேற்கில், இருக்கவேண்டும். பலகை வலப்பக்கம் மேலே தூக்கவேண்டும். இருட்டில் டிரைபாடில் மாட்டும்போது இடவலம் மாறிப்போவது சகஜம். கீழ்ப் பலகையில் வெள்ளை பெயின்டில் ஒரு 'வ' எழுதிவையுங்கள்.

பத்து இருபது பிக்ஸல் மட்டும் என்றால் அதுதான் உண்மையான வேலை. எம்6 ராடு ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. ஏறும். நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினால், கீலிலிருந்து ராடு இருக்கவேண்டிய தூரம் 228.6 மி.மீ. இதை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கீலின் ஊசி இருக்கிறதே, அதன் நடுவிலிருந்து ராடின் நடுவுக்கு அளக்கவேண்டும். என் முதல் டிராக்கரில் பலகையின் ஓரத்திலிருந்து அளந்து துளை போட்டுவிட்டேன். ஊசி ஓரத்திலிருந்து 4 மி.மீ. தள்ளி இருந்தது. பார்த்தால் அற்பம். ஆனால் அது ஒன்றே முக்கால் சதவீதம். நிமிடத்துக்கு 16 ஆர்க் செகண்ட். 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்ஸலுக்குள் அடங்கிவிட்டது. 200 மி.மீ. லென்ஸை மாட்டிய அன்றுதான் குட்டு வெளிப்பட்டது. மறுபடி துளை போட வேண்டாம். தூரத்தைச் சரியாக அளந்து, மோட்டார் வேகத்தை அதே விகிதத்தில் மாற்றினால் போதும்.

ராடு எம்6 இல்லை என்றால் கணக்கு மாறும். எம்5-க்கு ஒரு சுற்று 0.8 மி.மீ., எம்8-க்கு 1.25 மி.மீ. ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் ராடையும் எம்6-ஐயும் ஒரே தட்டில் போட்டு வைத்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு எம்6 நட்டைக் கையோடு எடுத்துப்போய் ராடு நீளத்துக்கும் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது மோட்டார். மலிவாகக் கிடைக்கும் 28பிஒய்ஜே-48 மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 2048 ஸ்டெப் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் பல்சக்கரங்களின் பல்லை எண்ணிக் கணக்குப் போட்டால் வருவது 2037.9 தான். வித்தியாசம் அரை சதவீதம், நிமிடத்துக்கு நாலரை ஆர்க் செகண்ட். ஆக, ஒரு ஸ்டெப்புக்கும் அடுத்த ஸ்டெப்புக்கும் நடுவே 29,442 மைக்ரோ செகண்ட் இருக்கவேண்டும்.

மோட்டாரை ஓட்டும் சின்னக் கணினிப் பலகையான ஆர்டுயினோவில் இந்த எண்ணைப் போடும்போது இரண்டு குழி காத்திருக்கிறது. சாதாரண டிலே கட்டளை முழு மில்லி செகண்டை மட்டுமே எடுக்கும். 29 என்று போட்டால் ஒன்றரை சதவீதம் வேகமாக ஓடும். சரி, மைக்ரோ செகண்ட் டிலே கட்டளைக்குப் போவோம் என்றால், அது 16,383 வரைதான் நம்பத் தகுந்தது. 29,442 கொடுத்தால் தாறுமாறாகப் போகும். மைக்ரோஸ் கடிகாரத்தை வாசித்து, நேரம் வந்ததும் ஸ்டெப் கொடுக்கும்படி எழுதுவதே சரியான வழி.

இவ்வளவையும் வானத்தைப் பார்க்காமலே பரிசோதிக்கலாம். ராடின் நுனியில் ஒரு காகிதக் கொடியை ஒட்டுங்கள். கொடி ஒரு குறியைத் தாண்டும்போது மொபைலில் ஸ்டாப்வாட்சைத் தட்டி, பத்துச் சுற்று எண்ணுங்கள். 228.6 மி.மீ. தூரத்துக்கு 600 நொடி வரவேண்டும். ஒரு நொடி வித்தியாசம் என்றால் 0.17 சதவீதப் பிழை. கேமராவையும் மேலே மாட்டி, பாரத்தோடு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாரம் வைத்ததும் நேரம் கூடினால் மோட்டார் ஸ்டெப் தவறுகிறது. நீளமான, மெல்லிய யுஎஸ்பி வயரில் வோல்டேஜ் விழுவதே பெரும்பாலும் காரணம். குட்டையான, தடித்த வயருக்கு மாற்றுங்கள்.

ஆரம்பத்தில் வட்டம், போகப் போகக் கோடு

நேரான ராடு வைத்தவர்களுக்கு வரும் அறிகுறி இது. பலகை வட்டப் பாதையில் திறக்கிறது, ராடோ நேர்கோட்டில் ஏறுகிறது. பத்து நிமிடத்தில் இதனால் சேரும் பிழை 6 ஆர்க் செகண்டுக்குக் கீழ்; இருபது நிமிடத்தில் 46. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஆரம்பிப்பது எளிய தீர்வு. ராடை 228.6 மி.மீ. ஆரத்துக்கு வளைத்துப் போட்டால் இந்தப் பிழையே கிடையாது. ஆனால் வீட்டில் ஒழுங்காக வளைப்பது கடினம், வளைந்த ராடு நட்டில் சிக்கிக்கொள்ளவும் செய்யும். புரோகிராமில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதைத்தான் நான் சொல்வேன்.

கோடு வடக்கு தெற்காக இருக்கிறது

முதல் படத்தின் கோட்டுக்குக் குறுக்காக நட்சத்திரம் இழுபட்டிருந்தால் மோட்டாரை மறந்துவிடுங்கள். கீல் வான துருவத்தை, அதாவது வானம் சுற்றுவதுபோலத் தெரியும் மையப் புள்ளியை, நோக்கி நிற்கவில்லை.

நம் ஊரில் இதுதான் பெரிய பிரச்சினை. சென்னையில் துருவம் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம். கோவையில் 11. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10-க்குச் சற்றுக் குறைவு. கன்னியாகுமரியில் வெறும் 8. துருவ நட்சத்திரம் தென்னை மரத்துக்குப் பின்னாலோ எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ போய்விடும். மறைவு இல்லாவிட்டாலும் அடிவானத்துப் புகைமூட்டத்தில் கண்ணுக்குப் படாது. கடையில் வாங்கும் ஈக்குவடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிச் சாய்ந்த அச்சில் டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கி) பலவும் மேலை நாடுகளின் 40, 50 டிகிரியை மனதில் வைத்துச் செய்தவை. 10 டிகிரிக்கு இறக்கினால் எடைக்கம்பி டிரைபாட் காலில் இடிக்கும். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியும், 2.34 மீட்டர் ஆடி கொண்டது, பன்னிரண்டரை டிகிரிதான் சாய்ந்து, கிட்டத்தட்டப் படுத்த அச்சில் சுழல்கிறது. இந்த மண்ணின் கோணம் அப்படி. அதற்கேற்றபடி நாமே செய்துகொள்ளும் வசதி வீட்டு டிராக்கரில் இருக்கிறது. நான் இதை விரும்புவதற்கு அதுவே முதல் காரணம்.

சாய்வை மரத்திலேயே வெட்டிவிடுங்கள். 300 மி.மீ. நீளமுள்ள ஆப்புப் பலகைக்குச் சென்னையில் 70 மி.மீ. உயரம், மதுரையில் 52 மி.மீ. ஒரு மி.மீ. தவறினால் ஐந்தில் ஒரு பங்கு டிகிரிதான் பிழை. அடியில் கொத்தனார் வைக்கும் ரசமட்டத்தை வைத்துத் தரையைச் சமமாக்கிவிட்டால் உயரக் கோணம் முடிந்தது. மொபைலின் கோணமானி ஆப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மிச்சம் இருப்பது திசை. இங்கே காம்பஸ் ஏமாற்றும். இரும்பு ராடும் மோட்டாருக்குள் இருக்கும் காந்தமும் முள்ளை இழுக்கும், மொட்டை மாடியின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் இழுக்கும். கோயில் கட்டும் சிற்பிகள் திசை பார்க்கச் சங்கு (நிழல் பார்க்கும் குச்சி) நட்ட முறையை நான் மாடியில் செய்தேன். ஒரு நேரான குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு வட்டம். காலையில் குச்சியின் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. மதியத்துக்கு மேல் மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக இழுத்த கோடு உண்மையான வடக்கு. டிசம்பர், ஜனவரியில் நிழல் நீளமாக விழுவதால் குறிப்பது சுலபம். அந்தக் கோட்டை பெயின்டால் அழுத்தி வரைந்துவிட்டேன். இப்போதெல்லாம் டிராக்கரைக் கோட்டின்மேல் வைத்துவிட்டு நேரே படம் எடுக்க ஆரம்பித்துவிடலாம்.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? கீல் ஒரு டிகிரி தவறி நின்றால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் 16 ஆர்க் செகண்ட் நழுவும். துருவ நட்சத்திரத்தையே துருவம் என்று வைத்துக்கொண்டால், அது உண்மையான துருவத்திலிருந்து சுமார் 0.6 டிகிரி தள்ளி இருப்பதால், 10 ஆர்க் செகண்ட். 50 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிடத்துக்கு இது தெரியவே தெரியாது. 200 மி.மீ.-ல் இரண்டு பிக்ஸலுக்கு மேல் இழுக்கும்.

மேலும் திருத்த நட்சத்திரத்தையே கேட்கலாம். உச்சியை ஒட்டித் தெற்கு வடக்குக் கோட்டில் நிற்கும் ஒரு நட்சத்திரத்தைச் சில நிமிடம் எடுங்கள். அது தெற்கே நழுவினால் கீலின் முனை கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கு வானில் தாழ இருக்கும் ஒன்று. அது தெற்கே நழுவினால் கீல் தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் திருத்துங்கள்.

நட்சத்திரம் இரட்டையாக, அல்லது வால் முளைத்த புள்ளியாக

ஒரு நல்ல வட்டம், பக்கத்திலேயே மங்கலாக இன்னொன்று, நடுவில் மெல்லிய கோடு. நடுவழியில் எதுவோ குதித்திருக்கிறது. நம் ஊரில் கீல் கிட்டத்தட்டப் படுத்திருப்பதால், பந்துத் தலையில் (கேமராவை எந்தப் பக்கமும் திருப்பவிடும் தாங்கி) கேமராவை மேற்கே சாய்த்தால் அதன் எடை கீலைத் தாண்டி அந்தப்பக்கம் போய்விடும். அப்போது மேல் பலகை ராடின்மேல் உட்காராமல் லேசாகத் தூக்கிக்கொள்ளும். கீலில் இருக்கும் ஆட்டம் முழுக்க ஒரே நொடியில் வெளிப்படும். இரண்டு பலகைகளையும் சேர்த்து ஒரு ஸ்பிரிங்கோ சைக்கிள் டியூப் துண்டோ கட்டி, எப்போதும் ராடின்மேல் அழுத்தி நிற்கும்படி செய்யுங்கள். என்னுடையதில் டியூப் துண்டு போட்ட அன்றே இந்தக் கோளாறு நின்றது.

ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை அலைபோல ஆடினால் ராடு வளைந்திருக்கிறது. கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்தால் தெரியும். நெளிந்த ராடை மாற்றுவதுதான் வழி. குதிப்பு படத்தின் ஆரம்பத்தில் மட்டும் என்றால் ஷட்டர் அதிர்வு: கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியை முன்கூட்டித் தூக்கும் வசதியைப் போட்டு, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். எப்போதாவது வந்தால் மாடியில் யாரோ நடக்கிறார்கள்.

கோடும் இல்லை, குதிப்பும் இல்லை, ஆனால் நட்சத்திரம் தடிமன்

ஃபோகஸ். லென்ஸில் இருக்கும் முடிவிலிக் குறியை நம்பக்கூடாது. லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, பிரகாசமான நட்சத்திரத்தைக் கூடிய மட்டும் சின்னதாக்குங்கள். லென்ஸின் முன்னால் வைத்தால் நட்சத்திரத்தில் மூன்று கோடு காட்டும் பஹ்தினோவ் மாஸ்க் ஒன்றைக் கறுப்பு அட்டையில் பிளேடால் வெட்டிக்கொண்டால் இன்னும் சுலபம்: நடுக்கோடு மற்ற இரண்டின் குறுக்குவெட்டில் சரியாக உட்கார்ந்தால் ஃபோகஸ் சரி. பிறகு ஃபோகஸ் வளையத்தில் டேப் ஒட்டுங்கள். லென்ஸ் மேல்நோக்கி நிற்கும்போது வளையம் தன் எடையிலேயே நழுவும்.

எல்லா மூலையிலும் சிறகு முளைத்திருந்தால் லென்ஸின் குணம். லென்ஸின் துவாரத்தை இரண்டு ஸ்டாப் மூடுங்கள். ஒரு மூலையில் மட்டும் என்றால் லென்ஸைக் கேமராவில் மாட்டும் அடாப்டர் சாய்ந்திருக்கிறது.

பத்து மணிக்கு நன்றாக இருந்தது, பதினொரு மணிக்கு எல்லாம் பஞ்சு

லென்ஸில் பனி. மார்கழி, தை மாதங்களில் கடலோரத்தில் இது தப்பவே தப்பாது. துணியால் துடைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி வரும், பூச்சும் கீறும். ஒரு சின்ன ஹீட்டர் கட்டிவிடுங்கள்: 330 ஓம் ரெசிஸ்டர் பத்தைப் பேரலலாக ஒரு நாடாவில் சால்டர் செய்து 12 வோல்ட் கொடுத்தால் மொத்தம் 4.4 வாட், கையில் தொட்டால் வெதுவெதுப்பு. ஒவ்வொன்றிலும் 0.44 வாட் ஓடுவதால் கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். ஒரு வாட் வாங்குங்கள். துணி உறை தைத்து லென்ஸின் முன்விளிம்பை ஒட்டிக் கட்டவேண்டும். பனி இறங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இறங்கிய பிறகு உலர்த்துவதற்கு நேரம் பிடிக்கும்.

பவர் பேங்க் தானாக அணைகிறதா? இழுக்கும் கரண்ட் குறைவாக இருந்தால் மொபைல் சார்ஜ் ஏறிவிட்டது என்று நினைத்து அணைந்துகொள்ளும் வகை அது. 12 வோல்ட் ஹீட்டருக்குப் பதில் ஐந்து வோல்ட் ஹீட்டர் ஒன்றை மோட்டாரோடு சேர்த்து ஒரே பவர் பேங்கில் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுக்கிய படத்தில் சிவப்பு, பச்சைக் கீறல்கள்

ஒரே இடத்தை எடுத்த ஐம்பது படத்தைக் கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகு மழைச்சாரல்போல ஒரே திசையில் கீறல் தெரிந்தால், சென்சாரின் சூட்டுப் புள்ளிகள்தான் நகர்ந்து நகர்ந்து விழுந்திருக்கின்றன. ஏறக்குறைய ஆறு டிகிரி செல்சியஸ் கூடினால் சென்சாரின் சூட்டு இரைச்சல் இரட்டிப்பாகும். நம் ராத்திரிகளின் வெப்பத்தில் அடுக்கும்போது கழிப்பதற்கு டார்க் ஃபிரேம் கட்டாயம்: லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓ, அதே நேரம், அதே ராத்திரியில் இருபது படம். வீட்டுக்குள் ஏசியில் வைத்து எடுத்த டார்க் உதவாது. ஐந்தாறு படத்துக்கு ஒருமுறை பந்துத் தலையைத் துளி நகர்த்தி எடுத்தால் கீறல் கோர்வையாகச் சேராது.

டெலஸ்கோப்பில் கேமராவை மாட்டினால் ஃபோகஸே வரவில்லை

டிராக்கருக்கு அடுத்து எல்லோரும் கை வைப்பது இங்கேதான். 130 மி.மீ. நியூட்டோனியன் (பெரிய ஆடியும் சின்ன ஆடியும் கொண்ட டெலஸ்கோப்), எஃப் 5, 650 மி.மீ. குவியத்தூரம். கண்ணால் பார்க்க அருமையாக இருக்கும், டிஎஸ்எல்ஆரை மாட்டினால் நிலா ஒரு வெளிச்ச உருண்டையாக மட்டும் தெரியும். கேனான் இஎஃப் கேமராவில் மவுண்டிலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே, கேமராவை டெலஸ்கோப்பில் மாட்டும் டி ரிங் 11 மி.மீ. ஆகமொத்தம் 55. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் பிம்பம் சென்சாருக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதைப் பட்டர் பேப்பர் காட்டிவிடும். நிலாவை நோக்கி வையுங்கள், ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளுங்கள், ஐபீஸை எடுத்துவிட்டு ஓட்டைக்குப் பின்னால் பட்டர் பேப்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஆறு மி.மீ. அளவில், கறைகள் எல்லாம் தெரிய ஒரு குட்டி நிலா பேப்பரில் உட்காரும். அந்த இடத்தில் ஸ்கேலை வைத்து ஃபோகஸரின் விளிம்பிலிருந்து அளங்கள். 23 மி.மீ. வந்தால் 32 மி.மீ. பற்றாக்குறை, அடாப்டரின் தடிமனையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய ஆடியின் பின்னால் இருக்கும் மூன்று போல்ட்டையும் அந்த அளவு கூடுதல் நீளமானவையாக மாற்றி, உள்ளே இன்னும் அழுத்தமான ஸ்பிரிங் போட்டால் ஆடி முன்னே வரும், பிம்பம் வெளியே வரும். ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் குழாயைத் திருப்பும்போதெல்லாம் ஆடி அசைந்து கோலிமேஷன் (ஆடிகள் ஒரே நேர்கோட்டில் நிற்பது) கெடும்.

32 மி.மீ. முன்னே கொண்டுவந்தால் சின்ன ஆடியில் விழும் ஒளிக்கற்றை 6 மி.மீ.-க்கு மேல் அகலமாகும். படத்தின் மூலைகள் இருண்டால் அதனால்தான். நிலாவுக்கு அது பொருட்டே இல்லை. பலகை டிராக்கர் இந்த எடையைத் தாங்காது, 650 மி.மீ.-க்கு அதன் துல்லியமும் போதாது. நிலாவை 1/125 நொடியில் எடுக்க டிராக்கரே தேவையில்லை.

போல்ட் மாற்றிய வேலையைப் பகலில் தூரத்து மொபைல் டவரை வைத்துச் சரிபாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. பட்டர் பேப்பர் ஒரு கணத்தில் பற்றிக்கொள்ளும், கண் என்றால் திரும்பி வராது. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டவர் கூர்மையாக வந்தபிறகும் ஃபோகஸரில் உள்ளே போக இரண்டு மூன்று மி.மீ. மிச்சம் இருந்தால், அன்று ராத்திரி நட்சத்திரமும் வந்துவிடும்.